கால்நடை கேள்வி பதில்: ஊசிக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் பாருங்க

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சேலம் பக்கம்தான், ஆத்தூர், வாழப்பாடி, எடப்பாடி, ஏற்காடுன்னு வரிசையா. எல்லாத்துலயும் கடைசி வரி ஒண்ணுதான், "என்ன ஊசி போடலாம் டாக்டர்?" என்ன நோயா இருக்கும்னு கேட்டவங்க ரொம்ப கம்மி. அதனால இந்த தடவை பதில்ல கொஞ்சம் திட்டும் சேர்ந்து வரும், கோச்சுக்காதீங்க.

கேள்வி: (அயோத்தியாப்பட்டணம்) வணக்கம் டாக்டர். ஜெர்சி கலப்பு மாடுங்க, ரெண்டாவது ஈத்து, கன்னு போட்டு ஒன்றரை மாசம் ஆச்சு. காய்ச்சல் 106 வரைக்கும் போகுது, ஊசி போட்டா ஒரு நாள் தீனி எடுக்குது, மறுநாள் திரும்ப காய்ச்சல். இதுவரைக்கும் மூணு பேர் வந்து ஊசி போட்டுட்டாங்க. இப்ப மூத்திரம் காப்பி டிகாஷன் கலர்ல போகுதுங்க. உண்ணி வேற ஏகத்துக்கும் இருக்கு, மருந்து அடிச்சா கொட்டுது, பத்து பதினஞ்சு நாள்ல மறுபடி வந்துடுது. என்ன ஊசி போடலாம்?

பத்திரிகை வந்து நீங்க படிக்கற வரைக்கும் இந்த மாடு தாங்காதுங்கறதால உங்களுக்கு போன்லயே சொல்லியாச்சு, இங்க மத்தவங்களுக்காக விவரமா எழுதறேன்.

காய்ச்சலும் இருக்கு, மூத்திரமும் செவப்பா போகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பபீசியா, உண்ணி கடிச்சு ரத்தத்துக்குள்ள போற ஒரு கண்ணுக்கு தெரியாத ஒட்டுண்ணி. அது சிவப்பணுக்குள்ள பூந்து பெருகி அணுவையே உடைச்சிடும், உடைஞ்ச சிவப்பு சாயம்தான் மூத்திரத்துல வர்றது. காய்ச்சலே இல்லாம கன்னு போட்ட கொஞ்ச வாரத்துல நல்லா பால் குடுக்கற மாட்டுக்கு இதே கலர் போச்சுன்னா அது வேற, பாஸ்பரஸ் சத்து கொறைஞ்சு வர்றது, அதுக்கு வைத்தியமும் வேற. அதனாலதான் தெர்மாமீட்டர் வெக்காம, ரத்தம் பாக்காம ஊசி போடாதீங்கன்னு தொண்டை கிழிய கத்தறோம்.

உண்ணியால வர்ற ரத்த நோய் நம்ம ஊர்ல முக்கியமா மூணு. பபீசியா சொன்னேன். ரெண்டாவது தைலேரியா, இதுல தோளுக்கு முன்னாடி இருக்கற நெறிக்கட்டி கையில புடிக்கற அளவுக்கு வீங்கும், மாடு மூச்சு வாங்கும், கண்ணு பாக்க வெளுத்து போயிருக்கும், ஆனா மூத்திரம் பெரும்பாலும் செவக்காது. கலப்பின மாட்டையும் இளங்கன்னையும் ரொம்ப மோசமா அடிக்கும், நாட்டு மாடு ஓரளவு தாங்கிக்கும். மூணாவது அனாபிளாஸ்மா, மெதுவா ரத்தத்த கொறைச்சு உடம்ப மஞ்சளாக்கி, சாணிய கெட்டியாக்கிடும். இப்ப விஷயம் என்னன்னா மூணுக்கும் மருந்து வேற வேற. பபீசியாவுக்கு டைமினசீன் கேக்கும், தைலேரியாவுக்கு அது பிரயோஜனமே இல்ல, பூபர்வாக்குவோன்தான் வேணும், அந்த ஊசி விலையும் ஜாஸ்தி. அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். உங்க மாட்டுக்கு போட்டது வெறும் காய்ச்சல் ஊசியும் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக்கும்னு சீட்டப் பாத்தா தெரியுது, அதான் ஒரு நாள் நல்லா இருந்து மறுநாள் படுத்துக்குது. காது நரம்புல ஊசி முனையால குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடி தகட்டுல தேய்ச்சு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா எதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும், மூணு பேருக்கு குடுத்த காசுல ஒரு பங்குகூட ஆகாது.

உண்ணிக்கும் இந்த பபீசியா காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு கண்டுபிடிச்ச கதைய சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல டெக்சாஸ் மாடுங்க வடக்க ஓட்டிட்டு போற வழியெல்லாம் உள்ளூர் மாடு செத்து விழும், ஓட்டிட்டு போற மாடு மட்டும் கல்லு மாதிரி இருக்கும். பண்ணைக்காரங்க உண்ணி மேலதான் பழி போட்டாங்க, படிச்சவங்க சிரிச்சாங்க. தியோபால்டு ஸ்மித்தும், மாட்டு டாக்டர் கில்போர்னும் உண்ணி இருக்கற மாடு, உண்ணிய எல்லாம் பொறுக்கி எடுத்த மாடுன்னு தனித்தனியா கட்டி வெச்சு பாத்து, 1893ல உண்ணிதான் பரப்புதுன்னு நிரூபிச்சு எழுதினாங்க. கொசுவுக்குள்ள மலேரியா கிருமிய ரொனால்டு ராஸ் செகந்திராபாத்துல பாத்தது 1897ல, அதாவது உண்ணி சமாச்சாரம் அதுக்கும் முன்னாடியே தெரிஞ்சிடுச்சு. பூச்சி கடிச்சு இப்படி ஒரு நோய் பரவும்னு உலகத்துக்கு முதல்ல காட்டினது மாட்டு நோய் ஆராய்ச்சி, நாங்க கொஞ்சம் பெருமை பட்டுக்கறோம்.

சரி, மருந்து அடிச்சும் ஏன் திரும்ப வருதுன்னு கேட்டீங்கல்ல. மாட்டு மேல நீங்க பாக்கறது மொத்த உண்ணியில கொஞ்சூண்டுதான், மீதி கொட்டகையில இருக்கு. சாதாரண மாட்டு உண்ணி குஞ்சா ஏறினா மூணு வாரம் போல அதே மாட்டு மேலயே வளந்து, பெட்டை உண்ணி ரத்தம் குடிச்சு புடைச்சதும் கீழ விழுந்து, செவுத்து விரிசல்லயோ சாணிக்கு அடியிலயோ போய் ரெண்டாயிரம் மூவாயிரம் முட்டை வெச்சிட்டு செத்துடும். அந்த குஞ்சுங்க தீனி இல்லாம மாசக்கணக்குல காத்துட்டு கிடக்கும். இன்னும் ஒண்ணு, தாய் உண்ணிக்கு பபீசியா இருந்தா முட்டை வழியா குஞ்சுக்கும் போயிடும், அதனால நேத்து பொறந்த உண்ணிகூட நோயோடதான் ஏறுது. தைலேரியாவ பரப்பற ஹையலோமா உண்ணி வேற ரகம், அது ஒவ்வொரு பருவத்துக்கும் மாட்ட விட்டு இறங்கி விரிசல்ல போய் தோல் உரிச்சுட்டு வரும். அதனால மாட்டுக்கு மட்டும் அடிச்சு புண்ணியம் இல்ல, அன்னைக்கே கொட்டகைக்கும் அடிக்கணும், தரைய விட ஆளு உயரம் வரைக்கும் இருக்கற செவுத்து விரிசல்தான் முக்கியம், சிமெண்ட் வெச்சு அடைச்சு சுண்ணாம்பு அடிச்சிடுங்க. ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடியும் ஒரு ரவுண்டு அடிங்க, முட்டையில இருந்தது பொரிச்சு வந்திருக்கும்.

இதுல இன்னொரு வில்லங்கம், வருஷக்கணக்கா ஒரே மருந்த அதுவும் பாதி அளவுல கலக்கி அடிச்சு அடிச்சு, டெல்டாமெத்ரின் சைபர்மெத்ரினுக்கெல்லாம் உண்ணி சாகாம பழகிப்போன இடங்கள் நம்ம நாட்டுல நிறைய இருக்குன்னு ஆராய்ச்சியில திரும்ப திரும்ப வருது. பாட்டில்ல போட்ட அளவுதான் அளவு. மூடி கணக்குல குத்துமதிப்பா ஊத்தாதீங்க. அடிச்சு ரெண்டு நாள் கழிச்சும் உண்ணி உயிரோட நடமாடுச்சுன்னா மருந்து வகைய மாத்த சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. தைலேரியாவுக்கு தடுப்பூசி இருக்கு, நம்ம நாட்டுலயே தயாராகுது, கலப்பின மாடு நிறைய வெச்சிருக்கறவங்க விசாரிச்சு போட்டுக்கறது நல்லது.

கேள்வி: (ஏற்காடு, நாகலூர் பக்கம்) எஸ்டேட் வேலைக்கு போறோம், ரெண்டு மாடு இருக்குது. போன மாசம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருந்து ஒரு கருப்பு வெள்ளை மாடு புடிச்சிட்டு வந்தோம். வெள்ளையா இருக்கற இடத்துல மட்டும் தோலு காஞ்சு அட்டை மாதிரி உரியுதுங்க, கருப்புல ஒண்ணும் இல்ல. கண்ணு மஞ்சளா இருக்கு, தீனி இல்ல, வெயில்ல நிக்க மாட்டேங்குது. லம்பி வந்துடுச்சுன்னு சொல்லி அக்கம்பக்கத்துல பால் வாங்கறதையே நிறுத்திட்டாங்க.

அம்மா, நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. லம்பிக்கு கருப்பு வெள்ளைன்னு பாகுபாடு கிடையாது. தோல் கழலைன்னு சொல்றோமே அதுல உடம்பு பூரா உருண்டை உருண்டையா கெட்டியா கட்டி எழும்பும், காய்ச்சல் இருக்கும், கால் வீங்கும். வெள்ளையில மட்டும் தோல் வெந்து உரியுதுன்னா அது வெயில் பட்டு வர்றது, அதுக்கு பின்னாடி ஈரல் கெட்டிருக்கு. உங்க மலையில வேலி ஓரம், ரோட்டோரம், எஸ்டேட் கரைன்னு எங்க பாத்தாலும் நிக்குதே உண்ணிச்செடி, செவப்பும் மஞ்சளுமா பூ பூக்குமே, அத மேஞ்சிருக்கும்னுதான் என் சந்தேகம்.

அந்த செடியில இருக்கற விஷம் ஈரல புடிச்சு பித்தநீர் போற வழிய அடைச்சிடும். பச்சை தழைய மாடு செரிக்கும்போது வர்ற ஒரு பொருள் சாதாரணமா பித்தத்தோட வெளிய போயிடும், வழி அடைஞ்சதும் அது ரத்தத்துலயே சுத்தும், வெயில் பட்டதும் தோல் வேகும். கருப்பு தோல்ல சாயம் இருக்கறதால தப்பிச்சுக்குது. இதுல கொடுமை என்னன்னா மாட்டோட பெரிய வயிறு அசையறது நின்னு போறதால தின்ன விஷம் உள்ளயே ஊறிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே இருக்கும், அதனால நாள் கடத்தாதீங்க. மாட்ட இருட்டு கொட்டகையில கட்டுங்க, பகல்ல வெளிய விடாதீங்க, தண்ணி தாராளமா வெய்யுங்க, டாக்டர் வந்து வயித்துக்கு கரித்தூள், ஈரலுக்கு மருந்து, குளுக்கோஸ்னு பாத்துக்குவாரு. ஒரேயடியா தொங்கிப்போன கேஸ் பொழைக்கறது கஷ்டம், சீக்கிரம் பாத்தா பொழைக்கும்.

மலையிலேயே பொறந்து வளந்த மாடு அந்த செடிகிட்ட அவ்வளவா போகாது. கீழ இருந்து புதுசா ஏத்திட்டு வந்த மாடுதான் மாசி பங்குனியில புல்லு காஞ்ச நேரம் வாய வெச்சிடும். அதனால புது மாட்டுக்கு முதல் ஒரு மாசம் வெட்டி போட்டு தீனி குடுத்துட்டு அப்பறமா மேய விடுங்க. அப்பறம் அக்கம்பக்கத்துல சொல்லுங்க, இது ஒட்டுவாரொட்டி இல்ல. லம்பியே வந்தாகூட அது மனுஷனுக்கு வராது, கொசு, ஈ, உண்ணி மூலமா மாட்டுக்கு மாடு போறது அது, 2019ல ஒடிசாவுல தெரிய ஆரம்பிச்சு 2022ல ராஜஸ்தான் குஜராத்துல ஏகப்பட்ட மாட்ட கொண்டுபோச்சு. ஆட்டம்மை தடுப்பூசிய போட்டு கட்டுப்படுத்தறாங்க, நம்ம ஊர்ல முகாம் வந்தா விட்டுடாதீங்க.

கேள்வி: (எடப்பாடி பக்கம்) மாடு மூச்சு விட்டா மனுஷன் குறட்டை விடற மாதிரி சத்தம் வருது, ராத்திரி வீட்டுக்குள்ளயே கேக்குது. மூக்குல சளியும் சில நேரம் ரத்தமும் வருது. சளி ஊசி போட்டு போட்டு ஓஞ்சு போச்சு.

சளி இல்லைங்க, புழு. மூக்கு ரத்தக்குழாய்க்குள்ள குடியிருக்கற புழு. இதோட பேரே குறட்டை நோய்தான். சிஸ்டோசோமா நேசேல்னு சொல்ற இந்த புழுவுக்கு 1933ல பேரு வெச்சு விவரிச்சது நம்ம சென்னை கால்நடை மருத்துவ கல்லூரி ஆராய்ச்சியாளர் அனந்தநாராயண ராவ்தான். 1903ல ஆரம்பிச்ச அந்த கல்லூரியப் பத்தி பேசறவங்ககூட இத சொல்றதில்ல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு.

மாட்டு சளியோட முட்டை தண்ணிக்குள்ள விழுந்து பொரிச்சு, குளத்து நத்தைக்குள்ள பூந்து வளந்து, திரும்ப தண்ணிக்கு வந்து, குளத்துல நிக்கற மாட்டோட தோல துளைச்சுட்டு உள்ள ஏறிடும். வாயால தின்னாத்தான் புழு வரும்னு நெனைக்கறவங்க கவனிங்க. மூக்குக்குள்ள காலிபிளவர் மாதிரி சதை வளந்து காத்து போற வழி சுருங்கறதுதான் அந்த சத்தம். எருமைக்கும் இருக்கும், ஆனா பெரும்பாலும் வெளிய காட்டிக்காது, அதுதான் ஆபத்து, சத்தமில்லாம ஏரியில முட்டைய விட்டுட்டு இருக்கும். மூக்கு சளிய கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தா வளைஞ்ச பூமராங் மாதிரி முட்டை இருக்கும், ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க. அதுக்கு ஆன்டிமனி ஊசி வாரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர் போடுவாரு, பிராசிகுவான்டெலும் இருக்கு. நீங்க எவ்வளவு ஊசி போட்டாலும் வாய்க்கால், ஏரி, குட்டையில இறக்கி குளிப்பாட்டினா மறுபடி வந்து நிக்கும், வீட்டுலயே போர் தண்ணிய காட்டுங்க. குட்டைக்கு வாத்து விட்டீங்கன்னா நத்தைய ஓரளவு தின்னுடும்.

கேள்வி: (கெங்கவல்லி, பெயர் வேண்டாம்) ரெண்டாவது தடவையா ஏழாவது மாசத்துல கன்னு வீசிடுச்சுங்க. நஞ்சுக்கொடியும் விழல, வீட்டுக்காரர்தான் கைய விட்டு எடுத்தாரு. அவருக்கு ரெண்டு மாசமா சாயந்திரம் ஆனா காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வேர்த்து கொட்டுது. மாட்டுக்கு என்ன ஊசி போடலாம்?

அம்மா, மாட்ட விடுங்க, முதல்ல வீட்டுக்காரர ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. போய் வெறும் காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க, "எங்க மாடு ரெண்டு தடவை கன்னு வீசிடுச்சு, இவரு கையால கொடி எடுத்தாரு, புரூசெல்லாவுக்கு ரத்தம் பாருங்க"ன்னு அப்படியே சொல்லுங்க. இந்த ஒரு வரிய சொல்லாததால டைபாய்டு, மலேரியா, வாதம்னு மாசக்கணக்கா அலைஞ்சவங்க உண்டு. அதுவாவே இருந்தா ஆறு வாரத்துக்கு மாத்திரை சாப்பிடணும், காய்ச்சல் நின்னுடுச்சுன்னு பாதியில விட்டா திரும்ப வரும்.

புரூசெல்லான்னா கன்று வீச்சு நோய், மாட்டுகிட்ட இருந்து மனுஷனுக்கும் ஒட்டும். இந்த வகை கிருமிய 1887ல மால்டா தீவுல பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் டேவிட் புரூஸ் கண்டுபிடிச்சாரு, எங்க இருந்து வருதுன்னு தெரியாம சிப்பாய்ங்க காய்ச்சல்ல விழுந்துட்டே இருந்தாங்க, கடைசில 1905ல சம்மித்னு அந்த தீவுக்கார டாக்டர்தான் ஆட்டுப்பால்ல இருந்து வருதுன்னு காட்டினாரு. பால காய்ச்சி குடிச்சா பயமே இல்ல, சொம்புல கறந்து அப்படியே குடிக்கறதுதான் ஆபத்து. மாட்டுக்கு கன்னு வீசறதுக்கு வேற காரணங்களும் இருக்கறதால ரத்தம் எடுத்து ரோஸ் பெங்கால் டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கணும். அதுதான்னா வைத்தியம் பண்றதில்ல, பண்ணவும் கூடாது, அந்த மாட்ட தனியா கட்டணும். தயவுசெஞ்சு சந்தையில தள்ளி விடாதீங்க, அடுத்த வீட்டுக்கு நோய காசுக்கு விக்கற மாதிரி ஆயிடும். வீசின கன்னு, கொடி, அதுல நனைஞ்ச வைக்கோல் எல்லாத்தையும் ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க, நாய் இழுத்துட்டு போகாம பாத்துக்குங்க. இனிமே யாரும் உறை இல்லாம கைய விடாதீங்க. கிடேரி கன்னு இருந்தா 4ல இருந்து 8 மாசத்துக்குள்ள ஒரே ஒரு தடவை தடுப்பூசி போடணும், காளைக்கன்னுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது.

கேள்வி: (ஓமலூர்) கோமாரி ஊசி போட்டா பால் குறையுது, போட்ட ஒரு வாரத்துல பக்கத்து வீட்டு மாட்டுக்கு கோமாரியே வந்துடுச்சு. ஊசியே வேண்டாம்னு எங்க தெருவுல முடிவு பண்ணியிருக்கோம்.

பால் குறையறது உண்மை, ரெண்டு மூணு நாள், அப்பறம் சரியாயிடும். கோமாரி வந்தா மடியும் கெட்டு, கால் குளம்பும் போயி, அந்த ஈத்து பாலே போயிடும், எது லாபம்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. பால்குடி கன்னுக்கு இதயத்தையே தாக்கி, கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே சாகடிச்சிடும். ஊசி வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், கிருமி உள்ள போயி நோயா தெரிய ரெண்டு நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம், அதனால பக்கத்து வீட்டு மாடு ஊசிக்கு முன்னாடியோ இல்ல ஊசி வேலை செய்ய ஆரம்பிக்கறதுக்குள்ளயோ கிருமிய வாங்கியிருக்கும். நம்ம நாட்டுல ஓ, ஏ, ஏசியா 1னு மூணு ரகம் சுத்துது, ஒண்ணுக்கு இருக்கற எதிர்ப்பு இன்னொண்ணுக்கு உதவாது, அதான் மூணும் சேர்ந்த ஊசிய ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடறாங்க.

ஊசியே வேண்டாம்னு சொல்றவங்க உங்க வீட்டு பெரியவங்ககிட்ட வெக்கை நோயப் பத்தி கேளுங்க. ஊர் ஊரா கொட்டகைய காலி பண்ணின நோய் அது. இந்தியாவுல கடைசியா 1995ல வந்துச்சு, 2011ல உலகத்துல இருந்தே ஒழிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாங்க. மனுஷங்க பெரியம்மைக்கு அப்பறம் இப்படி அடியோட ஒழிஞ்சது இது ஒண்ணுதான், அதுவும் ஊசியாலதான். உங்க தெருவுல பாதி பேர் போட்டு பாதி பேர் போடலன்னா பிரயோஜனம் ரொம்ப கம்மி. நிறைசினை மாட்டுக்கு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க.

கேள்வி: (ஆத்தூர்) உண்ணிக்கும் புழுவுக்கும் சேர்த்து ஐவர்மெக்டின் ஊசி நல்லதாமே, கறவை மாட்டுக்கு போடலாமா?

மருந்து அருமையான மருந்து, ஜப்பான் மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்ல இருந்து எடுத்தது, கண்டுபிடிச்ச ஒமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஆனா பால்ல வரும், நிறைய நாள் வரும். சொசைட்டிக்கு ஊத்தற மாட்டுக்கு வேண்டாம், வத்தக்கறவையில இருக்கும்போது டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடலாம். தட்டைப்புழுவுக்கு இது கேக்கவும் கேக்காது. தாடைக்கு கீழ நீர் கோத்து தொங்குச்சுன்னா சாணிய டெஸ்ட்டுக்கு குடுங்க, ஈரல்ல தட்டைப்புழு இருக்கலாம், அதுக்கு மருந்து வேற.

கேள்வி: (வாழப்பாடி) டெஸ்ட் டெஸ்ட்னு சொல்றீங்க, எங்க போறது, எப்படி எடுத்துட்டு போறது?

சேலத்துல கால்நடை நோய் புலனாய்வு பிரிவு இருக்கு, ஆத்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு தலைவாசல்ல கால்நடை மருத்துவ கல்லூரியே இருக்கு, பெரிய ஆராய்ச்சி நிலையத்தோட. அவசரம்னா 1962க்கு போன் போட்டா வண்டி வரும். ரத்தம் டாக்டர்தான் எடுக்கணும், அதுவும் காய்ச்சல் ஏறி இருக்கற நேரத்துல, ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் கிருமி தெரியும். சாணி நீங்களே எடுக்கலாம், தரையில கிடக்கறத வாராதீங்க, காலையில மாடு போட்ட உடனே மேல இருந்து ஒரு எலுமிச்சம்பழ அளவு எடுத்து மூடி போட்ட சின்ன டப்பாவுல போட்டு, டப்பா மேல மாட்டு வயசு, சினையா கறவையா, கடைசியா எப்ப புழு மருந்து குடுத்தீங்கன்னு எழுதி ஒட்டி அன்னைக்கே குடுத்துடுங்க. நேரமாகும்னா ஐஸ் கட்டி போட்ட பையில வெச்சு எடுத்துட்டு போங்க. வெயில்ல வண்டி டிக்கியில வெச்சுட்டு சாயந்திரம் கொண்டு போனா அதுக்குள்ள சாணியில இருக்கற புழு முட்டை பொரிச்சு குழம்பிடும், அவங்க திரும்ப எடுத்துட்டு வர சொல்லுவாங்க.